படத்தில் வராத வெல்லம்

என் தம்பி தனபால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. கண்ணமங்கலத்தில் ஒரு வளைகாப்பு வீட்டில் அவன் மனைவி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னாள்.

"அண்ணி, மாத்திரைய எடுத்துக் குப்பையில போட்டுட்டாரு. ஏன்னு கேட்டா, படம் பாத்தேன், இனிமே சாமைதான் எனக்கு மாத்திரைன்றாரு. நான் சொன்னா எங்க காதுல வாங்கறாரு? நீங்க சொல்லுங்க."

தனபால் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டியில் ஏறியவர்களுக்கெல்லாம் டிக்கெட்டோடு ஒரு ஆலோசனையும் கிழித்துக் கொடுத்துப் பழகியவன். பந்தியில் எல்லோருக்கும் புளிசாதம் வைத்தார்கள். அவன் இலையில் மட்டும் வீட்டிலிருந்து டப்பாவில் எடுத்துவந்த சாமைச் சோறு. பக்கத்தில் உட்கார்ந்து நான் வாயைத் திறப்பதற்குள் போனை நீட்டிவிட்டான்.

"அக்கா, நீ இந்தச் சாப்பாட்டு ஆராய்ச்சியிலதானே வேலை பாத்த? நீயே பாரு. ஜவ்வாது மலையில சாமை துன்றவங்க ஒருத்தருக்கும் சுகரே இல்லியாம். இவனுங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். ஒரு அம்மா அவங்க வாயாலயே சொல்றாங்க, கேளு."

கேட்டேன். போனுக்குள் என் மலைச் சிநேகிதி பூங்காவனம் சிரித்துக்கொண்டு நின்றாள். அதே பச்சைப் புடவை, அதே மூக்குத்தி. "எங்க வூட்ல சக்கரை ஏது? கண்ணால பாத்ததே இல்ல" என்றாள். உடனே படம் வெட்டுப்பட்டு மலை தெரிந்தது, மேகம் தெரிந்தது. 'இந்த மலையில் சர்க்கரை நோய் என்பதே கிடையாது' என்று ஒரு கனத்த குரல் பேச ஆரம்பித்தது.

பூங்காவனம் செத்து இரண்டு வருடமாகிறது. அந்த இடத்தில் அவள் சொல்வதாக ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருக்கும் பொய் அவளுடையதில்லை, என்னுடையது.

இப்போது எங்கள் துறையில் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். "மேடம், சாப்பாட்டைப் பத்தி வர்ற படத்தையெல்லாம் நம்பலாமா? ஜனங்க எங்களைவிட அதைத்தான் நம்புறாங்க" என்று. இவ்வளவு நாளும் ஏதோ சொல்லி மழுப்பிவந்தேன். தனபால் இலையைப் பார்த்த பிறகு மழுப்ப முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் முப்பத்தைந்து வருடம் உணவு ஆய்வில் களப்பணியாளராக இருந்தவள். வீடு வீடாகப் போய் மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று நிறுத்துப் பார்த்து எழுதுவது வேலை. இப்படி ஒரு உத்தியோகம் உண்டு என்பதை என் அம்மா கடைசிவரை நம்பவில்லை. மனையியல் படித்தேன், தேர்வு எழுதினேன், ஆறு வாரம் பாடம் நடத்தினார்கள், ஒரு தராசையும் நாலு அளவுக் கிண்ணத்தையும் பையில் போட்டுக் கொடுத்து ஒடுகத்தூரில் மலைக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் லலிதா மேடம் கற்றுக்கொடுத்தது.

லலிதா மேடம் எங்கள் குழுத் தலைவி. ஒல்லி உடம்பு, ரப்பர் செருப்பு, இடுப்பில் செருகிய கைக்குட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதிக்கொண்டு வந்த படிவத்தை வாங்கி, பென்சிலின் மொட்டை முனையால் ஒரு சொல்லைத் தொட்டு, "இது யார் சொன்ன சொல்?" என்பார். அச்சடித்து வந்த படிவம் அவருக்குப் போதாது. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அளவுகோல் வைத்து இரண்டு பத்தி கோடு போட்டுக் கொடுப்பார். ஒன்றுக்கு 'சொன்ன சொல்' என்று பெயர், மற்றதற்கு 'பார்த்த பொருள்'. அந்த வீட்டுக்காரர் வாயில் என்ன வந்ததோ அது அப்படியே முதல் பத்தியில். நம் கண் என்ன பார்த்ததோ அது இரண்டாவதில். ஒன்றிலிருந்து ஊகித்து மற்றதை நிரப்பினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், மறுபடியும் மலை ஏற வேண்டும்.

பூங்காவனம் வீட்டுக்கு நான் அப்படித்தான் மறுபடி ஏறினேன். முதல் நாள் சாயங்காலம் போய், "நேத்து இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டேன். அவளுக்கு அப்போது என் வயதுதான் இருக்கும், இருபத்துமூன்று, இருபத்துநாலு. "நெல்லுச் சோறு" என்றாள். எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"சொன்ன சொல் சரி. பார்த்த பொருள்?" என்றார் மேடம்.

"பானை மூடியிருந்தது மேடம்."

"நாளைக்கு அடுப்பு மூட்டறதுக்கு முன்னாடி போ. என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்காத. கேட்டா நமக்கு மரியாதையாத்தான் பதில் வரும். நேத்து அடுப்பு எத்தனை வாட்டி எரிஞ்சுதுன்னு கேளு."

மறுநாள் பனியில் விறைத்துப்போய் அவள் வாசலில் நின்று அதையே கேட்டேன். "ஒரு வாட்டிதான், பொழுது சாயறப்போ" என்று யோசிக்காமல் சொன்னாள். "அப்ப இன்னா வெந்துது?" என்றேன். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு உள்ளே போய்ப் பானையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்துத் திறந்தாள். சாமைச் சோறு, அடியில் ஒரு பிடி.

"கீழ இருந்து வந்தவங்ககிட்ட சாமைன்னா சொல்றது? சிரிப்பீங்கல்ல" என்றாள்.

அந்தக் காலத்தில் மலையில் நெல்லுச் சோறு என்பது பண்டிகைச் சோறு. வீட்டுக்கு வந்தவள் முன்னால் மானம் போகக்கூடாதே என்று ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருக்கிறாள். அதைப் பொய் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அன்று முழுக்க அவள் அடுப்பங்கரையில் இருந்தேன். வெறும் பானையை முதலில் நிறுத்தேன். சாமையைப் புடைத்துக் கல் எடுத்த பிறகு நிறுத்தேன். அவரைக்கொட்டை, மிளகாய், உப்பு, புளி எல்லாம் தனித்தனியாக நிறுத்தேன். வெந்த பிறகு பானையோடு நிறுத்தேன். யார் தட்டில் எத்தனை கிண்ணம் விழுந்தது, கோழிக்கு எவ்வளவு போட்டாள், மிச்சம் எவ்வளவு என்று எழுதினேன். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். எங்கள் படிவத்தில் 'விருந்தாளி சாப்பிட்டது' என்று ஒரு பத்தி உண்டு. அதை வீட்டுக் கணக்கில் கழிக்க வேண்டும். அதனால் என் தட்டையும் தூக்கித் தராசில் வைத்தேன்.

"ஐயோ, உன் சோத்தையுமா நிறுப்ப? அப்ப இன்னும் ஒரு கை போட்றேன், நல்லா எடை ஏறட்டும்" என்று அகப்பையால் அள்ளிப் போட்டாள். நான் எடுத்து மறுபடி நிறுக்க வேண்டியதாயிற்று. அவள் மறுபடி போட்டாள். மூன்று முறை இப்படி நடந்தது. அன்றிலிருந்து அந்தக் கிராமத்தில் எனக்குத் தராசம்மா என்று பெயர்.

அந்தக் கிராமம் எங்கள் பட்டியலில் பலமுறை வந்தது. வராத வருடங்களிலும் நான் போனேன், என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், எனக்குப் பிறக்கவில்லை. என் கணவர் இறந்த வருடம் அவள் மலையிலிருந்து இறங்கி, பஸ் மாறி வந்து, மடியில் கட்டிவந்த சாமையை என் வீட்டு அடுப்பில் அவளே ஏற்றி எனக்கு ஊட்டிவிட்டாள். "இன்னிக்கு நிறுக்காத" என்றாள். இப்போதும் சாமை வேகும் வாசனை எங்கேயாவது வந்தால் எனக்குப் பசிப்பதில்லை, அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

லலிதா மேடம் ஓய்வு பெற்றார், பிறகு போய்ச் சேர்ந்தார். ஓரத்தில் கோடு போட்ட தாளும் போயிற்று, கையடக்கக் கருவியில் தட்டுவது வந்தது. மலைக்கும் ரேஷன் அரிசி வந்தது, தார்ச்சாலை வந்தது. பூங்காவனம் வீட்டில் தினமும் கார்டு அரிசிதான் வெந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் இருக்கும்போதுதான் அந்தப் படக்குழு வந்தது.

நல்ல பிள்ளைகள். வடக்கே ஏதோ பெரிய ஊரிலிருந்து வந்தார்கள். இயக்குநருக்கு முப்பது வயதிருக்கும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான். பழங்கால உணவு மனிதனை எப்படிக் காப்பாற்றுகிறது என்று படம். மலை தெரிந்தவள், இங்கிலீஷ் தெரிந்தவள் என்று என்னை மொழிபெயர்ப்புக்கு அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த வீடு எது? நேராகப் பூங்காவனம் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அந்தப் புத்தி எனக்கு ஏன் வந்தது என்று நினைக்காத நாளில்லை.

சாமை குத்துவதைக் காட்ட வேண்டும் என்றார்கள். வீட்டில் சாமை இல்லை. நாலு வீடு தள்ளி விதைக்கு வைத்திருந்ததில் கொஞ்சம் வாங்கிவந்தாள். மிஷினில் அரைத்துப் பழகிப்போய் உரல் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியாகக் கிடந்தது. அதைக் கழுவி, உலக்கையைத் தேடி எடுத்து, மூன்று தடவை குத்திக் காட்டினாள். "தெனமும் இதைத்தான் சாப்பிடறீங்களா?" என்று கேட்கச் சொன்னான். கேட்டேன். அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "ஆமாங்க, சாமைதான்" என்றாள். இருபத்துமூன்று வயதில் சாமையைத் தின்றுவிட்டு நெல்லுச் சோறு என்று சொன்னவள், இப்போது கார்டு அரிசியைத் தின்றுவிட்டுச் சாமை என்கிறாள். வந்தவன் எதைக் கேட்டால் மகிழ்வான் என்று பார்த்துச் சொல்லும் அதே மரியாதைதான். நானும் சிரித்துக்கொண்டு அதையே இங்கிலீஷில் சொன்னேன். அங்கேயே நான் சறுக்கிவிட்டேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போகிறது, ஒரே ஒரு கேள்வி என்றான் அவன். இந்தக் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று கேட்கச் சொன்னான். எங்கள் முறையில் அதைக் கேட்பதென்றால் ஏழெட்டுக் கேள்வி. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததுண்டா, எப்போது, என்ன சொன்னார்கள், அடிக்கடி தாகம் எடுக்கிறதா என்று வரிசையாகப் போகும். காலையிலிருந்து பேசி எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஒரே கேள்வியாகச் சுருக்கினேன்.

"பூங்காவனம், உங்க வூட்ல சக்கரை இருக்குதா?"

அவள் சிரித்தாள். "எங்க வூட்ல சக்கரை ஏது? கண்ணால பாத்ததே இல்ல. வெல்லந்தான் எப்பவும். காப்பி போட்டு எடுத்தாரட்டுமா?"

கீழே நாங்கள் சர்க்கரை என்றால் நோயும் அதுதான், காப்பியில் போடுவதும் அதுதான். அவளுக்குத் தெரிந்த சக்கரை ஒன்றே ஒன்று, கடையில் வெள்ளையாக விற்பது. வந்தவர்களுக்குக் காப்பி கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அது எனக்கு அந்த நொடியே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் புரிந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றான் இயக்குநர்.

"இல்லையாம்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. குழு சாமான்களைக் கட்ட ஆரம்பித்தது. அவள் கேட்ட காப்பிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, வண்டியில் ஏறிவிட்டேன். எங்கேயாவது சரிபார்ப்பார்கள், ஒரு டாக்டரைக் கேட்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

படம் வந்தது. என் கேள்வியை வெட்டிவிட்டார்கள், அவள் பதிலின் வாலையும் வெட்டிவிட்டார்கள். நடுத்துண்டு மட்டும் நின்றது. அதைப் பார்த்துவிட்டுக் காரில் ஆட்கள் வந்து அவளோடு நின்று போட்டோ எடுத்தார்கள். அவள் பெரிய மகன் சாமை விற்க ஆரம்பித்து, பாக்கெட்டில் அவள் முகத்தை அச்சடித்தான். சக்கரை என்று ஒரு நோய் உண்டு என்பதை வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். சக்கரை இல்லாத அம்மா என்று பெயர் ஏறிவிட்டது. போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரித்தேன்.

நான் ஓய்வு பெற்ற மறுவருடம் மலையில் வேலைபார்க்கும் நர்ஸ் ஒருத்தி கூப்பிட்டாள். "மேடம், பூங்காவனம் அம்மா கால்ல முள்ளு குத்தின புண்ணு, ரெண்டு மாசமா ஆறல. ரத்தம் எடுத்துப் பாத்தேன், சுகர் ரொம்ப அதிகமா இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா, மிஷின் தப்புன்றாங்க. நீங்க சொன்னா கேப்பாங்களாம்."

மறுநாளே ஏறினேன். வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், பாதத்தில் ஏதோ பச்சிலை வைத்துத் துணி சுற்றியிருந்தது. துணியை அவிழ்க்கும் முன்பே நாற்றம் வந்தது.

"ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"எனக்குத்தான் சக்கரை இல்லியே. அந்தப் பொண்ணு புதுசு, அதுக்கு இன்னா தெரியும்?"

"உனக்கு இல்லன்னு யாரு சொன்னா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "படத்துல போட்டாங்களே. அவ்ளோ பெரிய படிச்சவங்க பாக்காமயா போடுவாங்க? நீகூட இருந்தியே. நீ சொல்லித்தானே போட்டாங்க?"

அவள் சொல்லாததை அவள் சொன்னதாகப் படம் சொன்னது. படம் சொன்னதை அவளே நம்பிவிட்டாள், அதுவும் என்னை வைத்து. கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். அந்தச் சாயங்காலம் அவன் என்ன கேட்டான், நான் அதை எப்படிக் கேட்டேன், அவள் எதை நினைத்துப் பதில் சொன்னாள், எனக்குப் புரிந்தும் நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசியில், "நீயா?" என்றாள். "நிறுக்காமயா சொல்லிட்ட?"

திட்டவில்லை. அவ்வளவுதான் கேட்டாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இறங்கினாள். பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஒரு டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். இயக்குநருக்கு எழுதினேன், அந்த இடத்தை எடுத்துவிடச் சொல்லி. மரியாதையாகத்தான் பதில் போட்டான். 'மிகவும் வருந்துகிறேன் மேடம். ஆனால் நாங்கள் எதையும் சேர்க்கவில்லையே, அவங்களே சொல்றாங்களே' என்று. அவன் சொன்னது உண்மை. அவன் எதையும் சேர்க்கவில்லை.

வளைகாப்பு வீட்டில் இதையெல்லாம் தனபாலுக்குச் சொன்னபோது அவனும் அதையேதான் சொன்னான்.

"அக்கா, நீ இன்னா வேணா சொல்லு. அவங்களே சொல்றாங்களே."

போனை வாங்கினேன். அந்த இடத்துக்குக் கொண்டுபோய், விரலால் மெல்ல மெல்லத் தள்ளி, வெட்டு விழுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தினேன். "அவ உதட்டைப் பாரு" என்றேன்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தான். "சிரிக்கிறாங்க."

"நல்லா பாரு. மேல்பல்லு கீழ்உதட்டைத் தொடுது. அவ சொல்லி முடிக்கல."

"இன்னா சொல்ல வர்றாங்க?"

"வெல்லம்."

தனபால் தன் வாயாலேயே ஒருமுறை அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தான். பல் உதட்டைத் தொட்டது. போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டான். சொன்னேன். மீதியிருந்த சாமையோடு இலையை அப்படியே மூடினான். பாவம், சாமை என்ன செய்யும், அதைச் சாப்பிடு, மாத்திரையையும் போடு என்றேன். மறுநாள் காலையில் அவன் மனைவி கூப்பிட்டாள். டாக்டரைப் பார்த்துவிட்டு மாத்திரை வாங்கிவந்துவிட்டானாம்.

பயிற்சிப் பிள்ளைகளுக்கு இதுதான் என் பதில். என்ன கேட்டார்கள் என்று காட்டாத பதிலை நம்பாதீர்கள். ஒருவர் தன் வாயாலேயே சொல்கிறார் என்பதற்காகவும் நம்பாதீர்கள். போய் அடுப்பைப் பாருங்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் சொல்கிற நான்தான் அந்தப் படத்தைத் தினமும் பார்க்கிறேன். அவள் வீட்டுச் சோற்றை அத்தனை வருடம் நிறுத்தேனே, அவளை ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பாக்கெட்டில் அச்சடித்த முகம் அவள் முகம் மாதிரியே இல்லை. அவள் சிரிப்பும் குரலும் இருப்பது அந்தப் பொய்ப் படத்தில் மட்டும்தான். சாயங்காலம் காப்பி குடிக்கும் நேரத்தில் அதைப் போட்டு, பல் உதட்டைத் தொடும் இடத்தில் நிறுத்திவைக்கிறேன். அடுத்து அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதற்கடுத்து என்ன கேட்பாள் என்றும் தெரியும்.

"காப்பி போட்டு எடுத்துட்டு வா, பூங்காவனம்" என்கிறேன்.